வலப்பக்கம் திரும்பிய வாழை இலை

எனக்கு ஒரு முட்டையை ஒழுங்காக அவிக்கத் தெரியாது. ஆனால் தொண்ணூறுகளில் மலாக்கா டவுனுக்குச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் நான் செய்த இட்லி, வடை, முறுக்கு, மீன்தலைக் கறியெல்லாம் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். எல்லாம் கட்டைவிரல் நகம் அளவு. கடித்தால் பல்தான் உடையும். பாலிமர் களிமண் என்று ஒன்று இருக்கிறது. மாவு போலப் பிசையலாம், சின்ன ஓவனில் வைத்துச் சுட்டால் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். பின்னால் ஒரு காந்தத் துண்டை ஒட்டிவிட்டால் ஐஸ்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

ஊசி போடும் சிரிஞ்சில் களியை அடைத்துப் பிதுக்கினால் முறுக்கு வரும். பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தட்டினால் இட்லிக்கு முகம் வரும். பழுப்பு நிறச் சாக்கட்டியைத் தூளாக்கி விரலால் தடவினால் வடைக்கு மொறுமொறுப்பு வந்துவிடும். "நீ சுடுற வடை கருகுது, என் வடை ஒரு நாளாச்சும் கருகியிருக்கா?" என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். அன்று சாப்பாட்டுக்கு என் தட்டில் இரண்டு களிமண் வடையும் ஒரு கரண்டி தேங்காய்ச் சட்டினியும் இருந்தன. சட்டினி மட்டும் நிஜம்.

இதெல்லாம் குருபோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பகலில் நடக்கும். இரவில் பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். அங்கே எங்கள் லைனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். ஆக, வீட்டிலும் மச்சான், வேலையிலும் மச்சான். பிறந்தநாளிலிருந்து போனஸ் நாள்வரை எனக்கு எங்கே ஒதுங்கினாலும் அவர் நிழல்தான்.

"என்னா மாப்ள, இன்னிக்கு எத்தன பேருக்குச் சமைச்ச? எறும்புக்குக் காணுமா?" என்பார், லைனில் எல்லோருக்கும் கேட்கும்படி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சூப்பர்வைசர் ஜோக் அடித்தால் சிரிக்காதவனுக்கு ஓவர்டைம் கிடைக்காது.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாம்பூலப் பையில் என்ன போடுவது என்ற பேச்சு வந்தபோது அந்தப் பெண், "மாமா செய்வாரே, குட்டி வாழை இலைச் சாப்பாடு, அதப் போடலாம்ப்பா" என்றாள். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி. என் சம்பந்தி முன்னால பேர் வாங்கிக் குடுத்துட்டா, நீ வேலய விட்டுட்டு களிமண்ணக் கட்டிக்கிட்டு அழு. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். இல்லன்னு வையி, அந்த ஓவன, சிரிஞ்ச எல்லாம் குப்பையில போட்டுட்டு ரிட்டையர் ஆவுற வரைக்கும் ஒழுங்கா ஷிப்ட்டுக்கு வர்ற. சம்மதமா?"

"சம்மதம் மச்சான்."

மனைவி அப்போதே என் முதுகில் கிள்ளினாள். அது வாழ்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை ஒவ்வொரு இலையையும் தனித்தனியாகக் கையால்தான் செய்து வந்தேன். கல்யாணக் கூட்டத்துக்கு அப்படிச் செய்தால் பெண்ணுக்குப் பேரன் பிறந்துவிடும். அதனால் ஒரு அச்சு செய்ய முடிவெடுத்தேன். பிளாஸ்டர் கட்டியில் வாழை இலையைச் செதுக்கினேன். நடு நரம்பு, கிளை நரம்பு, சோற்றுக்கு ஒரு இடம், மேல் பாதியில் கூட்டு, பொரியல், ஊறுகாய்க்குக் குட்டிக் குட்டிக் குழிகள். உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாதா? இடப்பக்கம்தான் செதுக்கினேன். மெனக்கெட்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு செதுக்கினேன்.

அச்சில் களியை அழுத்தி எடுத்தால் எல்லாம் பக்கம் மாறி வரும் என்பது ரப்பர் ஸ்டாம்ப் பார்த்த எவனுக்கும் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். சம்பள நாளில் மட்டும்.

முதல் இலையைச் சுட்டு எடுத்ததும் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியிடம் காட்டினேன். அவள் பக்கமிருந்து பார்த்தால் நுனி இடப்பக்கம். "ம்ம், அழகா இருக்கு" என்றாள். நான் என் பக்கமிருந்து சோற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் போல இழுத்து பிளேடால் நறுக்கிய சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது. வாரக்கணக்கில் அதே அச்சில் அடித்துத் தள்ளினேன்.

அதற்குள் எனக்குத் தலை கால் புரியவில்லை. கல்யாணம் முடியும்வரை காத்திருப்பானேன் என்று, முந்தின வாரமே வேலையை விட்டுவிட்டேன். லைனில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். மச்சான்தான் கையில் கொடுத்தார். "நேரம் பாத்து வாழு மாப்ள" என்றார். நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அடிமை வாழ்க்கை, சொந்தக் கால் என்றெல்லாம் அதில் வந்தது. கைதட்டினார்கள்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்காரும் நேரத்தில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, மஸ்ஜித் தானா என்ற ஊரிலிருந்து வந்தவர், பையைத் திறந்து என் இலையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பாராட்டு வருகிறது என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். கைகூட கட்டிக்கொண்டேன்.

"யாரு தம்பி செஞ்சது?"

"நான்தாங்கம்மா."

"யாரு செத்தா?"

எனக்குப் புரியவில்லை. அவர் மேசைமேல் விரித்திருந்த நிஜ இலையையும் என் இலையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். நிஜ இலைக்கு நுனி இடப்பக்கம். என்னுடையதற்கு வலப்பக்கம். கருமாதி வீட்டில் போடுகிற மாதிரி.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்லங்கம்மா, இப்படித் திருப்பி ஒட்டிக்கிட்டா நுனி இடப்பக்கம் வந்துரும் பாருங்க" என்று தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன்.

"வந்துரும். சோறு மேல போயிரும், கூட்டு கீழ வந்துரும். சாப்புடுறவன் தலைகீழாத் தொங்குவானா? உங்க வூட்டுல வௌவாலுக்குத்தான் பொண்ணு குடுப்பீங்களோ?"

அந்தப் பந்தியே சிரித்தது. சிரிப்பு மேசை மேசையாகப் போனது. அதன் பின்னாலேயே பைகள் திறக்கும் சத்தமும் போனது. கடைசி மேசையில் சிரிப்பு இல்லை. அங்கே ஒரு பாட்டி என் இலையைக் கைக்குட்டையால் பிடித்துத் தூரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். மணமேடையில் மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணப்பெண் என்னைப் பார்த்தாள். "மாமா, நான் போய்ச் சேர்ந்தா சொல்லி அனுப்புறேன், அப்ப கொண்டாங்க" என்றாள். காலையில் என் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிய பெண்.

மச்சான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் வாளியை என் கையில் கொடுத்தார். "பொறுக்கு."

எச்சில் இலை எடுப்பவர்கள் முன்னால் போக, பின்னால் நான் வாளியோடு போனேன். அவர்கள் பெரிய இலையை எடுத்தார்கள், நான் சின்ன இலையை எடுத்தேன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து லா" என்றார். ஊற்றினேன்.

கடைசியில் வாளியைக் கொண்டுபோய் மச்சானிடம் வைத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சோறு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். "நாளைக்கு ஷிப்ட்டுக்கு லேட்டா வராத. கடிகாரத்தையும் எடுத்துக்கிட்டு வா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் வெறுங்கையோடு போனேன். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். குருபோங்குக்கு மோட்டார்சைக்கிளில் போய், கடிகாரத்தை மடியில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். அதைக் கேன்டீனில், நான் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார்கள். ஆணி பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

வாளி என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. என் லாக்கர் இரும்பு. அத்தனை காந்தமும் அதன் கதவில் ஏறியிருந்தன, கீழே இருந்து மேலே வரை, நுனியெல்லாம் வலப்பக்கம் பார்த்தபடி, இடைவெளியில்லாமல். லைன் முழுக்கப் பின்னால் நின்று நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தது.

சிரித்தேன். ஓவர்டைம் வேண்டுமே.

பூட்டு எங்கே இருக்கிறது என்று இலைகளை விலக்கித் தேடித்தான் கதவைத் திறக்க முடிந்தது. ஒன்று கழன்று தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு பருக்கைகூட உதிரவில்லை.