குறைமாதக் குழந்தைக்குச் சூடேற்றிய நாள்

1946 டிசம்பர் 18, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குளியல், ஒரு டம்ளர் காப்பி. ஆறேகாலுக்கு வார்டில் இருந்தேன். புதன்கிழமைகளில் டாக்டரம்மா காலை ரயிலில் சிதம்பரம் போய், அங்கே நோயாளிகளைப் பார்த்துவிட்டு மாலை வண்டியில் இங்கே முதுநகர் திரும்புவார். அதுவரை எங்கள் சிறிய பிரசவ விடுதி என் பொறுப்பு. நான்கு குழந்தைகளையும் எடை பார்த்து எழுதினேன். கத்தரிக்கோல்களைக் கொதிக்க வைத்தேன். வாடைக் காற்று அடித்ததால் வடக்குச் சன்னல்களைச் சாத்தினேன்.

ஒன்பது பத்துக்கு ஒரு மீனவக் குடும்பம் படகில் ஆற்றைக் கடந்து, வண்டி பிடித்து வந்து சேர்ந்தது. விடியற்காலையில் வீட்டிலேயே பிரசவம். ஏழு மாதம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. தாய்க்கு இருபது வயது இருக்கும். முந்தைய இரண்டும் இப்படியே மாதம் நிறையாமல் பிறந்து இறந்தவையாம். குழந்தை அவளிடம் இல்லை. ஐம்பதை நெருங்கிய அவள் நாத்தனார்தான் ஈரச் சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பெண் குழந்தை, மூன்றே முக்கால் பவுண்டு. அழவில்லை. பாதம் கிணற்றுக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது.

தெர்மாமீட்டரை அக்குளில் ஐந்து நிமிடம் வைத்தேன். அதன் அடிக்கோடு தொண்ணூற்றைந்து டிகிரி. பாதரசம் அதைத் தொடவே இல்லை.

"பிறந்ததும் குளிப்பாட்டினீங்களா?"

"குளிப்பாட்டாம? தீட்டோட எப்படி நர்சம்மா வெளிய தூக்கியாறது? கெணத்துத் தண்ணி ரெண்டு சொம்பு ஊத்தித்தான் எடுத்தாந்தேன்."

அதட்ட வந்த வாயை அடக்கிக்கொண்டேன். குழந்தைக்கு நல்லது என்று நினைத்தே அவர் செய்திருந்தார்.

துடைத்து, பஞ்சில் சுற்றி, தலைக்கும் பஞ்சுத் தொப்பி வைத்தேன். இருந்த வெந்நீர்ப் பைகள் இரண்டில் ஒன்று வெடித்துப் போயிருந்தது. மற்றதை நிரப்பி, கம்பளித் துணி சுற்றிக் காலருகே வைத்தேன். மெதுவாகத்தான் சூடேற வேண்டும், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் கூடாது என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவசரமாகச் சூடேற்றிய ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றுபோனதைப் பயிற்சிக் காலத்தில் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த அறையில் ஒருத்திக்கு வலி கண்டது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால், நாத்தனார் சமையலறையில் மணலை வறுத்துத் துணியில் முடிந்து குழந்தையின் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"என் கையில வச்சிப் பாத்துட்டுத்தான் வைக்கிறேன். வெதுவெதுன்னுதான் இருக்குது."

பிடுங்கினேன். என் உள்ளங்கைக்கும் வெதுவெதுப்பாகத்தான் பட்டது. சந்தேகப்பட்டு முழங்கையின் உள்பக்கம் வைத்தேன். சுரீரென்று சுட்டது. அவர் முழங்கையிலும் வைத்தேன். "ஐயோ!" என்று உதறினார். அவர் கை உப்பிலும் கயிற்றிலும் மரத்தது. என் கை பதினெட்டு வருடமாகக் கிருமி கொல்லும் லைசாலில். இரண்டையும் நம்ப முடியாது.

பஞ்சைப் பிரித்தேன். முதுகில் காலணா அளவு சிவப்பு. தோல் உரியவில்லை. நாத்தனார் உட்கார்ந்துவிட்டார். பிறகு கோபமாக, "அப்ப எந்தச் சூடுதான் சுடாது? நீங்களே சொல்லுங்க. உங்க ரப்பர் பையி ஒண்ணு போதுமா?" என்றார்.

போதாது என்று எனக்கும் தெரியும். பஞ்சும் பையும் தவிர வேறெதுவும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை. தாயைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்குத் தெர்மாமீட்டர் வைத்தேன்: தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

"ரவிக்கைய அவுத்துட்டு, குழந்தைய நெஞ்சுல போட்டுக்கோம்மா."

"வேணாம்மா. ரெண்டும் என் கையிலதான் போச்சு. அண்ணியே வச்சிருக்கட்டும்."

"ஏண்டி, நீ என்னா ஐஸ்கட்டியா?" என்றார் நாத்தனார். "புடிடி!"

அழுதுகொண்டே சிரித்தாள். குழந்தையை அவள் நெஞ்சோடு தோல் படக் கிடத்தி, மேலே இரண்டு கம்பளி போர்த்தினேன்.

பதினோரு மணிக்குப் பாதரசம் கோட்டுக்குக் கீழே. பன்னிரண்டுக்குக் கோட்டைத் தொட்டது. இரண்டுக்குத் தொண்ணூற்றாறு.

"ஏறுச்சா?" என்றார் நாத்தனார்.

"ஏறுது."

"மாட்டு வண்டி கூட இதவிட ஜாஸ்தி வேகமாப் போவும்."

மூன்றரைக்கு மெல்லிய அழுகை. தாய் கம்பளியை விலக்கிக் காதைச் சாய்த்தாள். ஆறு மணிக்குத் தொண்ணூற்றேழரை. டாக்டரம்மா வந்து பார்த்து, அப்படியே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக தாயின் சீம்பாலைப் பாலாடைச் சங்கில் பிழிந்து, மூன்று சொட்டு குழந்தையின் நாக்கில் விட்டேன். விழுங்கியது.