ஆறின தண்ணீர்

நேற்று மத்தியானம் ஏறாவூரில் என் வீட்டுக் குழாயைத் திறந்தேன். கூரைமேல் தண்ணீர்த் தாங்கியில் வெயிலில் கிடந்த தண்ணீர் கையைச் சுட்டது. பத்து வயதில் கட்டாரின் டோகாவில் உம்மாவோடு இருந்த ஒற்றை அறை நினைவுக்கு வந்தது.

உம்மா அங்கே ஒரு தையல் கடையில் வேலை செய்தார். ஊரில் என்னைப் பார்த்துக்கொண்ட சாச்சா, வாப்பாவின் தம்பி, ஓகஸ்ட் லீவுக்கு என்னைக் கூட்டிப்போய் அவரிடம் விட்டார். இரண்டு வருடமாகப் பார்க்காத உம்மா, விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். போகுமுன் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து ஏசிக்குக் கீழே வைப்பார்.

“வெளியில இறங்காத மகள், வெயில் தாங்கமாட்டாய். குழாய்த் தண்ணி சுடும். மத்தியானம் இந்த ஆறின தண்ணியில குளி.”

வெயிலுக்காக ஜன்னல் முழுக்க வெள்ளித்தாள் ஒட்டியிருந்ததால் தெருகூடத் தெரியாது. பேச ஆளில்லாமல் ஏசியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒருநாள் வாளியைத் தொடாமல் வைத்திருந்தேன். உம்மா வியர்த்து நனைந்து வந்தார்.

“ஏன் மகள் குளிக்கல்ல?”

“உங்களுக்கு வெச்சன் உம்மா.”

அவர் என்னைக் குளியலறைக்கு இழுத்துப்போய், உடுத்த உடுப்போடு தன் தலையிலும் என் தலையிலும் மாறிமாறி ஊற்றினார். வாளி காலியாகும்வரை இருவரும் சிரித்தோம்.

“அடுத்த லீவுக்கும் வருவியா?”

“ஓம்” என்றேன்.

அடுத்த லீவும் வந்தது. உம்மாவின் அறையில் கடைக்காரர்கள் இன்னொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள், எனக்கு இடமில்லை என்று சாச்சா சொன்னார். பையில் அடுக்கியிருந்த உடுப்புகளை நானே எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தேன்.