குன்றுக்குப் போகாத காலைகள்

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, காலமெல்லாம் அது ஓடும் இருட்டுக் குழிக்குள் கழிந்தது. நாலு பக்கமும் சுவர், கையில் டார்ச், மூக்கில் கிரீஸ் வாடை. ஓய்வு பெற்ற மறுநாளே, விடிவதற்குள், ஊருக்கு வெளியே இருக்கும் குன்றில் ஏறிவிட்டார். அப்புறம் அதுவே வழக்கமானது. பறவைகளின் பெயர் ஒன்றும் தெரியாது. மூக்கன், வாயாடி என்று தானே வைத்துக்கொள்வார். ஓயாமல் கத்தும் ஒன்றுக்கு மட்டும் மச்சான் என்று பெயர்.

"எங்க அண்ணனை எதுக்கு வம்புக்கு இழுக்கிறீங்க? வீடுன்னு ஒண்ணு இருக்கறது ஞாபகம் இருக்கா?" என்பார் மனைவி.

"பசிச்சா தானா ஞாபகம் வந்துடுது."

ஒருநாள் குன்றின் பாதி வழியில் மயங்கி விழுந்தார். ஆடு மேய்ப்பவர்கள் தூக்கிவந்தார்கள். இதயம் பலவீனம், மேடு ஏறக் கூடாது, மாடிப்படி பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். வீடு ஐந்தாம் மாடியில். படியை விட்டார், குன்றை விடவில்லை. உடம்பு தேறியதும் லிஃப்டில் இறங்கிக் கிளம்பிவிட்டார். மனைவி கெஞ்சினார், அழுதார், பேசாமலும் இருந்து பார்த்தார். மனிதர் மசியவில்லை.

கடைசியில் மனைவி, அந்த லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக்கைப் பிடித்தார். கணவரோடு வேலை பார்த்தவர்.

"விடியறதுக்கு முன்னாடி அதை நிறுத்தி வச்சிடுப்பா. வெயில் ஏறினப்புறம் போட்டுக்கலாம். வெயில்ல அவரு கிளம்ப மாட்டாரு."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாரு அக்கா."

"அவரு போய்ச் சேர்றதுக்கு அது தேவலை."

மெக்கானிக் வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தார். அந்த நேரத்தில் வேறு யாரும் இறங்குவதில்லை. பேப்பர்காரர் மட்டும் திட்டிக்கொண்டே படியேறினார்.

லிஃப்ட்காரர் தினமும் ஷூ மாட்டிக்கொண்டு போவார், பட்டனை அழுத்துவார், சற்று நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

"இன்னிக்கும் ரிப்பேர்."

"கிடக்கட்டும். டீ ஆறுது."

பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. மனைவி பால்கனியில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். எதிர்க் கட்டடத்துச் சுவரைப் பார்க்க எதற்கு என்று உள்ளே வந்துவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள், ஒரு மத்தியானத் தூக்கத்தில், கட்டிலிலேயே இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்த மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அண்ணன் முதல் நாளே போன் பண்ணிட்டாரு அக்கா. 'ரிப்பேர்னா பட்டன்ல லைட்டாவது எரியும்டா. இது அணைச்சு வச்சது. உங்க அக்கா சொன்னாளா?'ன்னாரு. நான் முழிச்சேன். 'சரி, ரிப்பேர்னு ஒரு போர்டு மாட்டிவை. பேப்பர்காரன் வாட்ச்மேனைக் குடைஞ்சான்னா அவ பேருதான் அடிபடும்'னாரு."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சும் எதுக்கு தினம் போய் அமுக்கினாரு?"

"நீங்க மனசு மாறிப் போடச் சொல்லியிருப்பீங்களோன்னு பார்த்திருப்பாரு."

"வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

மனைவி யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"மாட்டேன்" என்றார்.