திரும்பி வந்த சிறுத்தை

தொம்மலூரில் வேலை பார்த்த நாட்களில், எங்கள் புகைப்படச் சங்கத்தில் எனக்குக் 'கழுகுக்கண்' என்று பெயர். கொடுத்தவர்கள் கிண்டலாகத்தான் கொடுத்தார்கள். நான் நிஜமென்றே எடுத்துக்கொண்டேன். எந்தக் காட்டுயிர்ப் படத்தைக் காட்டினாலும் எங்கே ஒட்டியிருக்கிறார்கள், எதை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். பழைய படங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தபோது, போலிகளைக் கழிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஜோகுபாளையத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களோடு வந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் ஒரு சிறுத்தையை அடுத்தடுத்து இருமுறை எடுத்ததாகவும், குளியலறையை இருட்டாக்கித் தானே பிரிண்ட் போட்டதாகவும் சொன்னார். வாழ்நாளில் காட்டில் அவர் பார்த்த ஒரே சிறுத்தை. அதை ஒருமுறை நாலு பேர் பார்க்கச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

இரண்டு படத்திலும் சிறுத்தை இடப்பக்கமாகப் போகிறது. இரண்டிலும் தெரிவது இடது விலா. ஆனால் புள்ளிகள் ஒத்துப்போகவில்லை. பின்னாலிருந்த பாறையும் வேறாக இருந்தது. நமக்குக் கைரேகை மாதிரி சிறுத்தைக்குப் புள்ளிகள். இவை இரண்டு சிறுத்தைகள், ஒன்றாவது மிருகக்காட்சிசாலையில் எடுத்தது என்று முடிவு கட்டினேன்.

"ஒரே சிறுத்தைதான் சார். அந்தாண்ட போயிட்டுத் திரும்பி வந்துச்சு," என்றார்.

படத்தில் அது திரும்பவே இல்லையே என்றேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

தீர விசாரிப்பதே மெய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், நெகட்டிவ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'போலி' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அவர் மகள் வந்தார். அப்பா இறந்துவிட்டதாகச் சொல்லி, பீரோவில் கிடைத்த பிலிம்களை ஸ்கேன் செய்து தர முடியுமா என்று கேட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே துண்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில், ஒரே பாறை. ஒன்றில் சிறுத்தை இடப்பக்கம் போகிறது. அடுத்ததில் வலப்பக்கமாகத் திரும்பி வருகிறது. இரண்டாவதைப் பிரிண்ட் போடும்போது பிலிமை மறுபக்கமாக வைத்துவிட்டிருக்கிறார்; படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பிலிம் காலத்தில் எல்லோருக்கும் நேர்ந்த பிசகு அது. ஒரே சிறுத்தைக்கும் இரண்டு விலாவிலும் புள்ளிகள் வேறு வேறு. பிலிமையே தொட்டறியாத நான், வலது விலாவை இடது என்று நம்பி ஒரு மனிதரைப் பொய்யராக்கியிருந்தேன்.

வெட்கமாக இருந்தது. மகளிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். உங்கள் அப்பா என்னை எவ்வளவு திட்டியிருப்பாரோ என்றேன்.

"உங்க மேல அவருக்குக் கோவம், பேஜாரு எதுவுமே இல்ல சார்," என்றார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு. கடைசி மாசங்கள்ல எங்ககிட்டதான் கேட்டுட்டே இருந்தாரு, நான் நெஜமாவே சிறுத்தையப் பாத்தேனான்னு."