இன்டர்வியூவுக்கு உட்காரப் பழக்கினேன்

இன்றைக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது, நண்பர்களே.

எங்கள் தெஹியோவிட்ட தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் முருகையாவின் மகள் செல்விக்கு வியாழக்கிழமை நர்ஸ் ட்ரெய்னிங் இன்டர்வியூ. கெட்டிக்காரி, சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. இலங்கையில் பாதி நர்ஸ்மார் நான் உருவாக்கியவர்கள் என்பதால், பழக்க நானே போனேன்.

பெரிய டொக்டர்போல் மேசைக்குப் பின்னால் அமர்ந்து, "வாடிவென்ன" என்று சிங்களத்தில் தொடங்கி, "உட்காரும்மா" என்றேன்.

கைகட்டி நின்றாள். "இருக்கட்டுங்க மாமா."

"அங்கேயும் இப்படி நின்னா வாய் தெறக்க வராதுடி! உட்காரு!"

"பெரியவங்க முன்னால உட்கார்ந்து பழக்கமில்லைங்க."

பெரிய துரை முன்னால் கால்மேல் கால் போட்டு, அவர் பிஸ்கட்டையும் தின்றவன் நான் என்று ஆயிரம் தடவை சொன்னேன். கடைசியில் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டாள். அதன்பிறகு கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில்!

அந்த நேரம் பார்த்து முருகையா உள்ளே வந்தான்.

"என்னடி, மாமாவுக்குச் சரிசமமா உட்கார்ந்திருக்க? எந்திரி!"

எழுந்தாள். பதிலும் நின்றுபோனது.

"யோவ், மொதல்ல நீ உட்காருய்யா!"

"வேணாம்ணே, நிக்கிறேன்."

வியாழக்கிழமை அவளுக்குத் துணைக்குப் போவதும் இவன்தான். இவனைப் போகிற வழியில் அவிசாவளையிலேயே பஸ்ஸைவிட்டு இறக்க யாராவது வழி சொல்லுங்கள்.