திருப்பி அனுப்பிய பதிவுத் தபால்

சண்டை போட்டுக்கொண்டு மனைவி துடியலூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் பக்கம் கோபித்துக்கொண்டு போனவளை வீட்டுக்காரன் போய்க் கூப்பிட்டால்தான் மரியாதை. நான் போகவில்லை. போகத் தெரிந்தவளுக்கு வரத் தெரியாதா என்று வீம்பு. உள்ளுக்குள்ளே, எப்போது வருவாள் என்றுதான் தவித்துக்கொண்டிருந்தேன். சூலூர் வீட்டில் தோசை பிய்ந்துபோனால் திட்டக்கூட ஆளில்லை.

மூன்றாம் மாதம் கோர்ட்டிலிருந்து பதிவுத் தபால் வந்தது. விவாகரத்துதான், வேறென்ன? நான் வாங்கினால்தானே கேஸ் நடக்கும்! அப்பேர்ப்பட்ட சட்ட மேதை நான். தபால்காரரை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன்.

"ஏனுங்க, வாங்க மாட்டேன்னு சொல்லிட்டாருன்னு எழுதிருங்க."

"எதுக்குங்க வம்பு? வாங்கிப் படிச்சுப் பாருங்க."

"நீங்க எழுதுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் எழுதிக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து இன்னொரு தபால் வந்தது. அதையும் அப்படியே திருப்பினேன்.

போன தை மாதம் அவளுக்கு மறுகல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதெப்படி முடியும்? கொதித்துப்போய்க் கோவையில் ஒரு வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் கோர்ட்டில் கேஸ் நகல்களை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தபாலை வேண்டாம்னு திருப்புனா, வாங்குனதாத்தானுங்க சட்டம் எடுத்துக்கும். நீங்க வராமயே தீர்ப்பு ஆயிருச்சு."

"அவ விவாகரத்துக் கேட்டா உடனே குடுத்துருவாங்களாக்கும்?"

"மொதல்ல அவங்க விவாகரத்துக் கேக்கலீங்க. உங்களோட சேந்து வாழோணும்னுதான் மனுப் போட்டாங்க. கோர்ட்டும் சேந்து வாழச் சொல்லித் தீர்ப்புக் குடுத்துச்சு. அதுக்கப்பறமும் ஒரு வருசத்துக்கு மேல நீங்க கூப்புடவே இல்ல. அதைக் காட்டித்தான் ரெண்டாவது மனுவுல விவாகரத்து வாங்கியிருக்காங்க."

முதல் மனுவை வாங்கிப் படித்தேன். கணவருடன் சேர்ந்து வாழ மனுதாரர் இன்றும் விருப்பமாக இருக்கிறார் என்று டைப் அடித்திருந்தது. கீழே அவளுடைய கோணல் கையெழுத்து.

"இனி ஏதாச்சும் பண்ண முடியுங்களா?"

"அப்பீலுக்குக் கெடு தாண்டிருச்சுங்க. அவங்களுக்குக் கல்யாணமும் ஆயிப்போச்சு."

கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் கேட்டேன்.

"அன்னைக்கு நான் கோர்ட்டுக்கு வந்திருந்தா என்னங்க சொல்லியிருக்கோணும்?"

அவர் நகல்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமுங்க."