புழு வந்த வழி

பஞ்சநதம் சந்தேகப்படாத ஆள் வலங்கைமான் வட்டாரத்திலேயே கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் மேல்மடைக்காரன் திருடிவிட்டான். விதைநெல் முளைக்காவிட்டால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். அவருடைய மனைவி பிரகதாம்பாள், தை மாதத்தில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தபோது கைகால் வெட்டி இழுத்துக் கீழே விழுந்தாள்.

தஞ்சாவூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர் ஹமீதா பானு, மூளையில் நாடாப்புழுக் கட்டி இருக்கிறது என்றார்.

“அது பன்னிக்கறி தின்னவங்களுக்குத்தானே வரும்? இவ முட்டைகூடத் தொட்டதில்லீங்க. வேற யாரோட படத்தையோ பார்க்கறீங்க” என்றார் பஞ்சநதம். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

“கறி தின்னா புழு குடல்லதான் வளரும் சார். அந்த ஆள் சரியா கை கழுவலைன்னா புழுவோட முட்டை அடுத்தவங்க வாய்க்குள்ள போயிடும். இவங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கு. வலிப்புக்கும் கட்டிக்கும் மாத்திரை தர்றேன். ஆனா புழுவைக் கொடுத்தவர் பக்கத்துலயே இருந்தா மறுபடியும் வரும். பழகற எல்லாரும் மலப் பரிசோதனை பண்ணிக்கணும்.”

பஞ்சநதம் யோசிக்கவே இல்லை. வயல் வேலைக்கு வரும் காத்தான்தான் தன் கொல்லைக் கீரையைப் பறித்து வந்து கொடுப்பவன். டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவன்மேல் பழியைப் போட்டு, வேலையை விட்டு நிறுத்தினார். பரிசோதனை டப்பாவையும் கையில் திணித்தார். காத்தான் அதை வாங்கிக்கொண்டு போனான்.

பிரகதாம்பாள் விடவில்லை. “தினம் மத்தியானம் வெத்தலை மடிச்சு எனக்குத் தர்றது நீங்கதானே? உங்க டப்பாவும் போகட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ரிசல்ட் வந்தது. காத்தானுக்கு ஒன்றுமில்லை. பஞ்சநதத்துக்கு இருந்தது.

டப்பாவை மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குக் கிளம்பப் பார்த்தார். மனைவி முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. மூலத்துக்குப் பன்றிக்கறி கைகண்ட மருந்து என்று எவனோ சொன்னதை நம்பி, உரம் வாங்கும் சாக்கில் மயிலாடுதுறைக்குப் போய் மாதாமாதம் தின்றுவிட்டு வந்தவர் அவர். ஊரில் ஒருத்தரையும் நம்பாத மனிதர் இதை மட்டும் நம்பித் தொலைத்தார். அத்தனையையும் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

“எத்தனை நாளா?” என்றாள்.

“ரெண்டு வருஷமா.”

“என் தலையில இருக்கறதை டாக்டரம்மா பார்த்துக்குவாங்க. நீங்க காத்தான் வீட்டுக்குப் போங்க.”

போனார். காத்தான் உட்காரச் சொல்லவில்லை.

“உனக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு காத்தான். நாளைக்கு வேலைக்கு வந்துடு.”

“எனக்கு இல்லைன்னு எனக்கே தெரியும்ங்க. அதை டீக்கடையில வந்து சொல்லுங்க. யாருக்கு இருந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அப்புறம் வேலையைப் பத்திப் பேசுவோம்” என்று சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தான் காத்தான்.